ஒரு சர்ட்டிபிகேட் விலை ரூ.2 லட்சத்து 70 ஆயிரம்! கல்விக்கடனில் பெற்றோர் கோட்டை விடும் இடம்

சென்னை பாரிமுனை. காலை மணி 10¼.

பாங்கி திறந்து கால் மணி நேரம்தான் ஆகிறது. அதற்குள் மானேஜர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார இடம் இல்லை. எல்லார் கையிலும் ஒரு பைல். பக்கத்தில் ஒரு பிள்ளை.

பிளஸ்-2 ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிந்துவிட்டால் நகரத்தில் எந்தப் பாங்கியிலும் இதே காட்சிதான். சீட்டு கிடைத்த சந்தோஷம் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையில் பணக் கவலை வந்து கதவைத் தட்டுகிறது.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு இஸ்திரிக் கடைக்காரர் நிற்கிறார். தள்ளுவண்டிக் கடை. மகளுக்கு என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறப்போகும் பெண். மஞ்சள் பையில் மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, சேர்க்கைக் கடிதம் எல்லாம் இருக்கிறது. இல்லாதது தைரியம் ஒன்றுதான்.

முறை வந்ததும் உள்ளே போனவர், உட்காருவதற்கு முன்பே உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறார்.

"சார், ஜாமீன் போட ஆள் இல்ல சார். வீடும் வாடகை வீடுதான்."

"ஜாமீன் யாருங்க கேட்டது? மொதல்ல உட்காருங்க. வருமான சர்ட்டிபிகேட் இருக்கா?"

"அது எதுக்கு சார்? ரேஷன் கார்டு இருக்கே!"

அங்கேதான் விஷயம் இருக்கிறது!

ஜாமீன் பயம்

கல்விக்கடன் என்றாலே பத்திரம் வேண்டும், ஜாமீன் வேண்டும், சிபாரிசு வேண்டும் என்ற பயம் இன்னும் ஜனங்களை விட்டுப் போகவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது சட்டதிட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. மாறியது பலர் காதுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் சங்கடம்.

மாணவர்களுக்குக் கடன் கொடுப்பது நேற்று வந்த யோசனை அல்ல. 1963-லேயே மத்திய அரசு கடன் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. ஆனால் தெருக்கோடி பாங்கியில் ஏழைப் பிள்ளைக்கும் கடன் என்ற நிலைமை வந்தது 2001-ல்தான். இந்திய பாங்கிகள் சங்கம் மாதிரித் திட்டம் ஒன்றைத் தயாரித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அதை எல்லாப் பாங்கிகளுக்கும் அனுப்பியது.

ரூ.4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது என்பது அந்தத் திட்டத்தின் முக்கிய அம்சம். அதற்கு மேல் போனால்தான் ஜாமீன் பேச்சு.

2015-ல் இன்னொரு படி. கல்விக்கடனுக்கு மத்திய அரசே உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தியது. ரூ.7½ லட்சம் வரை சொத்தும் வேண்டாம், மூன்றாம் ஆள் கையெழுத்தும் வேண்டாம். கடன் திரும்பாவிட்டால் பாக்கியில் 75 சதவீதத்துக்கு அந்த நிதி பொறுப்பு. அதே 2015 ஆகஸ்டு 15-ந் தேதி "வித்யாலட்சுமி" என்ற இணையதளமும் வந்தது. பாங்கி பாங்கியாக ஏறி இறங்காமல் ஒரே இடத்தில் விண்ணப்பம் போடலாம்.

ஆக, இஸ்திரிக் கடைக்காரர் ராத்திரி பூரா தூங்காமல் யோசித்த ஜாமீன் விவகாரம் 1 நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. பெற்றவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் அவர் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அதுதான் வட்டி.

வட்டி யார் கட்டுவது?

படிக்கும் காலத்தில் கடனைக் கட்டச் சொல்லி பாங்கி கேட்காது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. "5 வருஷத்துக்கு ஒண்ணும் கட்ட வேணாம்" என்று பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி ஓடாது என்பது பொய்!

பணம் கைமாறிய அன்றே வட்டி மீட்டர் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அவகாசம் முடியும் நாளில் அந்த வட்டி அத்தனையும் அசலோடு சேர்ந்து கொள்ளும். அதற்குப் பிறகு வட்டிக்கும் வட்டி.

இதைத் தடுக்கத்தான் 2009-ல் மத்திய அரசு வட்டி மானியத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2009-2010 கல்வி ஆண்டில் இருந்து அது நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4½ லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தொழில் படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், படிக்கும் காலமும் அதற்கு அப்புறம் ஒரு வருஷமும் ஆகிற வட்டி முழுவதையும் மத்திய அரசே பாங்கிக்குக் கட்டிவிடும்.

அதற்கு முன்பு கடன் வாங்கியவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 2014 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட் தாக்கல் செய்த அப்போதைய நிதி மந்திரி ப.சிதம்பரம் அதற்கு ஒரு வழி செய்தார். 2009 மார்ச் 31-ந் தேதி வரை வாங்கிய கல்விக்கடனில், 2013 டிசம்பர் 31 வரை பாக்கி நின்ற வட்டியை அரசு ஏற்கும் என்று அறிவித்தார். 9 லட்சம் மாணவர்களுக்கு ரூ.2,600 கோடி அளவுக்குப் பலன் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது.

இந்த வட்டி மானியம் தானாக வந்து வீட்டுக் கதவைத் தட்டாது. "என் வருமானம் இவ்வளவுதான்" என்று வருவாய்த்துறை கொடுக்கும் சான்றிதழை பாங்கியில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பாங்கி அரசிடம் மானியம் கேட்கும். ரேஷன் கார்டு அதற்கு ஈடாகாது.

ஒரே கடன், 2 கணக்கு

அந்தத் துண்டுச் சீட்டுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

ஒரே தெருவில் 2 வீடு. 2 வீட்டிலும் ஒரே வருமானம். 2 பிள்ளைகளும் வருஷத்துக்கு ரூ.1 லட்சம் வீதம் 4 வருஷத்துக்கு ரூ.4 லட்சம் கடன் வாங்கினார்கள் என்று வைத்துக் கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்தில் தனி வட்டிதான்.

முதல் வருஷம் வாங்கிய ரூ.1 லட்சத்துக்கு 5 வருஷ வட்டி ரூ.50 ஆயிரம். 2-வது வருஷப் பணத்துக்கு ரூ.40 ஆயிரம். 3-வதுக்கு ரூ.30 ஆயிரம். 4-வதுக்கு ரூ.20 ஆயிரம். மொத்தம் ரூ.1 லட்சத்து 40 ஆயிரம்.

முதல் வீட்டுக்காரர் சான்றிதழ் கொடுத்தார். அந்த ரூ.1 லட்சத்து 40 ஆயிரத்தை அரசு கட்டிவிட்டது. பையன் ரூ.4 லட்சத்துக்குத் தவணை கட்டத் தொடங்குகிறான். 15 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் ரூ.4,300.

2-வது வீட்டுக்காரர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார். அவர் பையன் கடன் ரூ.5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கிறது. மாதத் தவணை சுமார் ரூ.5,800.

மாதம் ரூ.1,500 வித்தியாசம். வருஷத்துக்கு ரூ.18 ஆயிரம். 15 வருஷத்தில் ரூ.2 லட்சத்து 70 ஆயிரம்!

அந்த சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் ஆபீசில் இருந்து வர சில நாள் ஆகும். கவுன்சிலிங் முடிகிற நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதால் இன்னும் தாமதம். பிளஸ்-2 பரீட்சை முடிந்த கையோடு விண்ணப்பம் போட்டு வைப்பவர் புத்திசாலி.

காலேஜுக்கு "நாக்" இருக்கா?

இஸ்திரிக் கடைக்காரரிடம் மானேஜர் கேட்ட அடுத்த கேள்வி அவரைத் திகைக்க வைத்தது.

"காலேஜுக்கு நாக் இருக்கா?"

"நாக்கா? காலேஜுக்கு ஏது சார் நாக்கு?"

பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "தரச் சான்றுப்பா! நான் பார்த்துட்டுத்தான் சாய்ஸ் கொடுத்தேன்" என்றாள்.

விவரமான பெண்! 2018-ல் வந்த மாற்றம் இது. "நாக்" அமைப்பின் தரச் சான்று பெற்ற கல்லூரி, அல்லது "என்.பி.ஏ." அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால்தான் வட்டி மானியம் என்று விதியை இறுக்கினார்கள். சில தேசிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே கவுன்சிலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்துப் பிரயோசனம் இல்லை.

இன்னும் 2 கண்டிஷன் உண்டு. ஒரு மாணவருக்கு ஒரு தடவைதான் மானியம். இளநிலைப் படிப்புக்கு வாங்கிவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டாலும் மானியம் போய்விடும். மருத்துவக் காரணம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

நடுத்தரக் குடும்பம்

"எங்க வீட்டுக்காரருக்கு மாசம் 50 ஆயிரம் சம்பளம். ஏழையும் இல்ல, பணக்காரரும் இல்ல. எங்களுக்கு எதுவுமே கிடையாதா?" - பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா வீட்டு அம்மாக்களின் வழக்கமான புலம்பல் இது.

2024 நவம்பர் 6-ந் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த "பிரதம மந்திரி வித்யாலட்சுமி" திட்டம் இவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்தால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அவகாச காலத்திலும் வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். மேலே சொன்ன ரூ.4 லட்சம் கணக்கில் இது ரூ.42 ஆயிரம் ஆகும்.

ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் இது கிடையாது. அரசு வெளியிட்ட தரவரிசைப்படி தேர்வான நிறுவனங்களுக்கு மட்டும்தான். திட்டம் அறிவித்தபோது அந்தப் பட்டியலில் 860 நிறுவனங்கள் இருந்தன. 3 சதவீதச் சலுகை வருஷத்துக்கு 1 லட்சம் புதிய மாணவர்களுக்கு. அரசுக் கல்லூரியில் தொழில் படிப்பு, தொழில்நுட்பப் படிப்பு சேருகிறவர்களுக்கு முன்னுரிமை. வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இந்த 3 சதவீதம் கிடையாது. மானேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கும் இந்தத் திட்டம் இல்லை.

எந்த மானியத்திலும் சேராதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் அசல் ஏறாது. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு பாங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை கொடுக்கலாம் என்று மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. பல பாங்கிகளில் பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் குறைவு. கேட்டால்தான் சொல்வார்கள்!

வேலைக்குப் போன பிறகு வருமான வரியிலும் சலுகை உண்டு. கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும் 80-இ பிரிவின்படி 8 வருஷம் வரை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது.

கடனுக்கு முன்னால்...

கடன் வாங்கப் போகுமுன், கடனே வாங்காமல் முடியுமா என்று பார்க்க வேண்டாமா? தமிழ்நாட்டில் அதற்கும் வழி இருக்கிறது.

முதல் பட்டதாரி: குடும்பத்தில் அண்ணன், அக்கா உள்பட யாரும் பட்டதாரி இல்லை என்றால், ஒற்றைச் சாளர கவுன்சிலிங்கில் தொழில் படிப்பு சேருகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2010-2011-ல் தொடங்கியது. இதற்கும் வருவாய்த்துறை சான்றிதழ் வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான்.

அரசுப் பள்ளி மாணவர்கள்: என்ஜினீயரிங் போன்ற தொழில் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்றும் அந்த வருஷமே அறிவிக்கப்பட்டது. இவர்களுக்குக் கடன் தேவையே இல்லை.

மாதம் ரூ.1,000: அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு "புதுமைப்பெண்" திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024 ஆகஸ்டு 9-ந் தேதி கோவையில் தொடங்கியது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர்: பிளஸ்-1 முதல் மேல் படிப்பு வரை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோர் வருமான வரம்பு ரூ.2½ லட்சம். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான செலவை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் ஏற்பதென்று 2020 டிசம்பரில் முடிவானது.

இந்த உதவிகளைக் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் கடன் கேட்க வேண்டும். கொடுக்கிறார்களே என்று கூடுதலாக வாங்கினால் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டப்போவது அந்தப் பிள்ளைதான்!

"போய்ட்டு அப்புறம் வாங்க"

எல்லா மானேஜரும் உட்காரச் சொல்வதில்லை. "இது எங்க ஏரியா இல்ல", "டார்கெட் முடிஞ்சிருச்சு", "அப்பா சிபில் சரியில்ல" என்று வாசலோடு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வாய் வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் அதற்கு ரெக்கார்டும் இல்லை, அப்பீலும் இல்லை.

ஆகவே விண்ணப்பத்தை எழுத்தில், அல்லது இணையதளத்தில் போட்டு நம்பர் வாங்கிக்கொள்வது நல்லது. விதிகள் மாணவர் பக்கம்தான் இருக்கின்றன.

"எங்க ஏரியா இல்லை" என்று காரணம் காட்டி கல்விக்கடன் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

கீழ் அதிகாரி தன் இஷ்டத்துக்கு விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. அடுத்த மேல் அதிகாரியின் சம்மதம் வேண்டும். காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மாதிரித் திட்டத்தின் விதி.

சிபில் மார்க் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு மாணவரின் கல்விக்கடன் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று 2023-ல் கேரள ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

மறுப்புக் கடிதம் கையில் இருந்தால் பாங்கியின் மண்டல ஆபீஸ், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், கலெக்டர் ஆபீஸ் மனு நாள் என்று அடுத்த கதவைத் தட்டலாம். கடிதம் இல்லாவிட்டால் எந்தக் கதவும் திறக்காது.

இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் அடகுக் கடைக்கும் தண்டல்காரரிடமும் போகிறார்கள். மூணு வட்டிக்கு ரூ.1 லட்சம் வாங்கினால் மாதம் ரூ.3 ஆயிரம் வட்டியாகவே போகும். வருஷத்துக்கு 36 சதவீதம்! அசல் அப்படியே நிற்கும். பாங்கிக்கு நாலு நடை கூடுதலாக நடந்தாலும் நஷ்டம் இல்லை.

படித்து முடித்த பிறகு

கடன் வாங்கும்போது பாங்கியைத் தேடிப்போன பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் பாங்கிப் பக்கமே தலைவைப்பதில்லை. வேலை கிடைக்கவில்லை என்றால் வெட்கம். வேலைக்காக வெளியூர் போனால் விலாசம் மாறிவிடும். பாங்கி அனுப்பும் கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். கடைசியில் வராக்கடன் என்று முத்திரை விழும்.

அந்த முத்திரை பிள்ளையோடு நிற்காது. கூடக் கையெழுத்துப் போட்ட தகப்பனாரையும் பிடிக்கும். நாளைக்குத் தம்பிக்கோ தங்கைக்கோ கடன் என்று போனால், பழைய பாக்கி முன்னால் வந்து நிற்கும். வேலை இல்லாவிட்டால் அதை எழுத்து மூலமாக பாங்கியில் தெரிவித்து அவகாசம் கேட்பதுதான் முறை. ஒளிந்து கொண்டால் வட்டி ஒளிந்து கொள்ளாது.

மீண்டும் பாரிமுனை

இஸ்திரிக் கடைக்காரரிடம் மானேஜர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். வருமானச் சான்றிதழ். முதல் பட்டதாரிச் சான்றிதழ். கல்லூரியில் இருந்து 4 வருஷக் கட்டண விவரம். 3 வரி.

"இந்த மூணும் கொண்டு வாங்க. முதல் பட்டதாரி சலுகை போக மீதிக்குக் கடன் போடலாம். வட்டிக்கும் மானியம் கேட்டுடலாம்."

"அப்ப ஜாமீன்...?"

"அதான் உங்க பொண்ணு இருக்கே, அதுதான் ஜாமீன்!"

அவர் பதில் பேசவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். வெளியே வந்ததும் மகளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இ-சேவை மையம் எத்தினி மணி வரைக்கும் பாப்பா?"

"இப்பவே போயிடலாம்பா."

தள்ளுவண்டி அன்றைக்குப் பூரா பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் கூலி போச்சு. 15 வருஷக் கூலி மிச்சம்!